ஒரு பெயர் மஸ்கட்டிலிருந்து கோட்டாறு போன வழி

1

எங்கள் மஸ்கட் தமிழ் வாலிபர் ஐக்கியத்தின் ஆண்டு விழா இந்த மாதம். அறிக்கை எழுதும் வேலை வழக்கம்போல என்னிடம் வந்திருக்கிறது. நான் ஒரு கட்டுமான நிறுவனத்தில் பாதுகாப்புப் பொறியாளர். நாள் முழுக்க அறிக்கை எழுதுகிறவளுக்கு இன்னும் ஒன்று பாரமாக இருக்காது என்று எல்லாரும் நம்புகிறார்கள். அது உண்மைதான்.

அறிக்கைக்கு இரண்டு தலைப்புகள். ஊர்ச் சபைகளில் பார்த்துப் பழகியதை அப்படியே கொண்டுவந்திருக்கிறோம். முதலாவது சுவிசேஷ ஊழியம்: கேரல் பவனி, வேதவினாப் போட்டி, கன்வென்ஷன், வீட்டு ஜெபக்கூட்டங்கள். இரண்டாவது சமூக ஊழியம்: ரத்ததானம், தொழிலாளர் கேம்புகளுக்குச் சாப்பாடு, ஊருக்குப் போக வழியில்லாதவர்களுக்கு உதவி. எங்கள் செயலாளர் ஜெபின் அண்ணன் முதல் பகுதி நீளமாக வந்திருக்கிறதா என்று பார்ப்பார். நான் இரண்டாவது பகுதியைப் பார்ப்பேன். நாங்கள் அளந்து பார்ப்பதைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பார்கள்.

இந்த வருடம் நிஜாம் அண்ணனின் காரியம் இரண்டு தலைப்பிலும் அடங்கவில்லை. அதனால் அதை ஊரில் இருக்கிறவர்களுக்காகத் தனியாக எழுதுகிறேன். நிஜாம் என்பது அவருடைய உண்மைப் பெயர் அல்ல. இந்தப் பெயரை அவரே தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். எழுதியதை அவர் கேட்டு, அனுப்பலாம் என்று சொன்ன பிறகே அனுப்புகிறேன். ஏன் இவ்வளவு கவனம் என்பது போகப்போகத் தெரியும்.

2

இங்கே வெள்ளிக்கிழமைதான் எங்கள் ஞாயிறு. கோயில் வளாகத்தில் பல மொழிச் சபைகள் ஒரே கூடத்தை நேரம் பிரித்துப் பயன்படுத்துகின்றன. மலையாளிகள் வெளியே வர, தமிழர்கள் உள்ளே போவோம்; எங்களுக்குப் பின்னால் தெலுங்குச் சபை செருப்பைக் கழற்றிக்கொண்டு நிற்கும். ஆராதனை முடிந்ததும் சாப்பாட்டுப் பாத்திரங்களை வேனில் ஏற்றி, நகரத்துக்கு வெளியே உள்ள ஒரு கேம்புக்குப் போவோம்.

வளாகத்துக்கு வெளியே மதப் பிரசாரம் கூடாது என்பது இந்த நாட்டின் சட்டம். ஆகவே கேம்புக்கு வருகிறவர்களுக்கு நான் சில விதிகள் சொல்லுவேன். கைப்பிரதி கொண்டுவரக் கூடாது. பிரசங்கம் கூடாது. யாராவது கேட்டால் பதில் சொல்லலாம், பாட்டுப் பாடலாம்; கேட்காமல் கூடாது. பெண்கள் மெஸ்ஸைத் தாண்டிப் போகக் கூடாது. இந்த விதிகளில் ஜெபின் அண்ணனுக்கு மிகவும் கஷ்டமானது இரண்டாவது. அவர் கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்காரர். படிக்கிற காலத்தில் அங்கே மைக் பிடித்துத் திறந்தவெளிக் கூட்டங்களில் பேசியவர். அவர் பேசினால் பாதி தமிழ்நாட்டிலும் பாதி கேரளத்திலும் கேட்கும் என்று கேலி செய்வோம். இங்கே அவர் சாம்பார் வாளியோடு பேசாமல் நடப்பதைப் பார்க்கும்போது எனக்கு மரியாதை வரும்.

நிஜாம் அண்ணன் சாரம் கட்டும் வேலை செய்கிறவர். முதல் நாள் தட்டோடு என் முன்னால் வந்து நின்றார்.

"தங்கச்சி மார்த்தாண்டம் பக்கமா?"

"எப்படிக் கண்டுபிடிச்சிய?"

"சோறு போட்டுட்டு, போதுமாங்கதுக்கு 'மதியா'ன்னு கேட்டியளே. பாதி பேருக்கு வெளங்கல்ல. எனக்கு வெளங்கிச்சு."

"அண்ணனுக்கு எங்க?"

"கோட்டாறு. பேரு நிஜாம். மொதல்லயே சொல்லிருதேன், நா ஜெபத்துக்கு வரல்ல. மீன் கொழம்புக்கும் பாட்டுக்கும் வந்தேன்."

பக்கத்தில் நின்ற ஜெபின் அண்ணன், "ரெண்டும் உண்டு. இரியும்" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அன்றிலிருந்து எல்லா வெள்ளிக்கிழமையும் அவர் வருவார். கிறிஸ்மஸ் காலத்தில் கேரல் பாடும்போது மேசையில் தாளம் போடுவார். எங்கள் பையன்களைவிட அவர் தாளம் சரியாக இருக்கும்.

3

சாப்பாட்டோடு ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில் கொடுப்பது எங்கள் வழக்கம். ஒரு வெள்ளிக்கிழமை ரியா என்ற எங்கள் வாலிபப் பெண் பாட்டில்களைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ரியா இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ்ப் பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் பாடுவாள். ஊர் என்றால் அவளுக்கு இரண்டு வாரம் கொசுக்கடி. நிஜாம் அண்ணன் பாட்டிலை வாங்கி, குடிக்காமல் சட்டைப் பைக்குள் திணித்தார்.

"குடிக்கலயா அங்கிள்?" என்று ரியா கேட்டாள்.

"இது நாளைக்கு மக்ளே. இன்னைக்கு இங்க உள்ளத குடிச்சாச்சு."

"இங்க உள்ளது எப்படி இருக்கும்?"

அவர் மெஸ் குழாயில் ஒரு டம்ளர் பிடித்துக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். வெளிச்சத்துக்கு எதிரே அதைப் பிடித்துப் பார்த்தபோது மஞ்சளாக ஏதோ அடியில் இறங்கியது. கேம்பில் வயிற்று வலி இல்லாத ஆள் இல்லை என்றார். எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் நாங்கள் அந்த மெஸ்ஸில் பாடியிருக்கிறோம். அந்தக் குழாயைத் திறந்து பார்க்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிறகு நடந்தவை வரிசையாக. ஜெபின் அண்ணன் நிஜாம் அண்ணனோடு மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்தார். தொட்டிக்கு மூடி இல்லை. உள்ளே புறா இறகும் எச்சமும் மிதந்தன. தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். குடிக்கத் தகாதது என்று பதில் வந்தது. கேம்பை நிர்வகிக்கும் கேம்ப் பாஸிடம் சொன்னோம். அவர் மரியாதையாகக் கேட்டார், பார்க்கலாம் என்றார், ஒன்றும் பார்க்கவில்லை. தொழிலாளர் நல அலுவலகத்துக்குப் புகார் கொடுக்கப் போனேன். அங்கே இருந்த மலையாளி குமாஸ்தா என் பேச்சைக் கேட்டுவிட்டு, "மலையாளியாணோ?" என்றார். "அல்ல, மார்த்தாண்டம்" என்றேன். "அப்போ பகுதி மலையாளி" என்று சிரித்து, நாற்காலி கொடுத்து, விஷயத்தை விளக்கினார். அந்தக் கேம்பில் நான் குடியிருக்கவில்லை. அந்தத் தண்ணீரை நான் குடிக்கவில்லை. குடிக்கிற ஒருவர் தன் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் கொடுத்தால்தான் புகார் பதிவாகும்.

பெயர் கொடுக்கிறவருக்கு என்ன வரலாம் என்று நிஜாம் அண்ணனிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "சாரத்துல ஏறுனவன் கீழ பாத்தா பயம் வரும் தங்கச்சி. அதுனால பாக்கமாட்டோம். எழுதுங்க."

ஆய்வாளர் வந்தார். தொட்டி மாறியது. மெஸ்ஸில் சுத்திகரிப்புக் கருவி பொருத்தினார்கள். அதோடு நிஜாம் அண்ணனைத் தூரமான ஒரு வேலையிடத்துக்கு மாற்றினார்கள். விடிவதற்கு முன்பே பஸ் ஏற வேண்டும். யாரும் காரணம் சொல்லவில்லை.

எங்கள் பிள்ளைகள் விஷயத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜெபக்கூட்டத்தில் மடிக்குள் போனை வைத்துக்கொண்டு உட்காருகிற ரியாவும் அவள் கூட்டாளிகளும், தண்ணீர் விஷயம் தொடங்கியதும் எங்களுக்கு முன்பே வேனில் ஏறி உட்கார்ந்தார்கள். சிலருக்கு அது முழுச் சந்தோஷம். எனக்குப் பாதிதான். தண்ணீருக்கு வருகிறவர்கள் ஜெபத்துக்கு வராமல் போனால், கொஞ்ச நாளில் தண்ணீருக்கும் ஏன் வரவேண்டும் என்று மறந்துபோவார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் மாவட்டத்தில் பெண்கள் தோளில் துணி போடும் உரிமையைக் கேட்டு அடிபட்ட காலத்தில், எழுத்துக் கூட்டி வேதம் வாசித்த பெண்களும் அவர்களேதான். அவர்கள் யாருக்கும் இரண்டு தலைப்பு எழுதிக் கொடுக்கவில்லை.

4

ஊரில் எங்கள் சபையில் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டு ஜெபம் நடக்கும். முடிவில் நடத்துகிறவர், "ஜெபக்குறிப்பு உண்டா?" என்று கேட்பார். ஒவ்வொருவராகச் சொல்லுவார்கள். இன்னார் மகளுக்குப் பரீட்சை போச்சு, ஜெபியுங்கள். இன்னார் மருமகன் குடிக்கிறான், ஜெபியுங்கள். இன்னார் வீட்டில் சொத்துத் தகராறு, ஜெபியுங்கள். எங்கள் ஊரில் ஒரு விஷயம் பரவுவதற்கு வம்பு பேச வேண்டியதே இல்லை, ஜெபக்குறிப்பு போதும். இதை நான் கேலியாக மட்டும் சொல்லவில்லை. நான் பிளஸ் டூ படித்தபோது அப்பாவுக்கு இருதய ஆபரேஷன் நடந்தது. அன்று எங்கள் வீட்டுப் பெயரை எத்தனை வீட்டில் சொல்லி அழுதார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பலத்தில்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம்.

இப்போது அந்த வழக்கம் போனுக்குள் வந்துவிட்டது. நிஜாம் அண்ணனை இடம் மாற்றிய வாரம் ஜெபின் அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் ஐக்கியத்துக் குழுவில் ஒரு குறிப்பு போட்டார். கோட்டாறு சகோதரன் நிஜாம் நம்மோடு நின்றதால் வேலையில் நெருக்கப்படுகிறார், அவருக்காக ஜெபியுங்கள். அவ்வளவுதான். புகார் விஷயம் வெளியே போனால் அவருக்கு ஆபத்து என்று நினைத்து, தண்ணீர் என்ற சொல்லையே எழுதாமல் விட்டார். தண்ணீரை மறைத்தார், பெயரை மறைக்கவில்லை. நாங்கள் அப்படித்தான் பழகியிருக்கிறோம். பெயர் இல்லாத ஜெபக்குறிப்பு எங்களுக்கு விலாசம் இல்லாத கடிதம் மாதிரி.

குறிப்பு ஊருக்குப் போனது. ஒருவர் 'இஸ்லாமிய சகோதரன்' என்று சேர்த்தார். இன்னொருவர் 'கூட்டங்களுக்கு ஒழுங்காக வருகிறவர்' என்று சேர்த்தார். எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத் தலைவி ரோஸ்லெட் டீச்சர், 'விசுவாசத்தினிமித்தம் நெருக்கப்படுகிறார்' என்று எழுதி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மைக்கில் வாசித்தார். காரணம் விட்டுப்போன இடத்தில் அவரவர் தங்களுக்குத் தெரிந்த காரணத்தைப் போட்டார்கள். சபைக்கு வந்திருந்த ஒரு வியாபாரி, கோட்டாற்றில் சரக்கு எடுக்கப் போன இடத்தில், நிஜாம் அண்ணனின் மூத்த சகோதரரிடம் நல்ல மனசோடு விசாரித்தார்: "தம்பி இப்ப எங்க கோயில் ஆளாமே?"

5

அடுத்த வெள்ளிக்கிழமை நிஜாம் அண்ணன் சாப்பாடு வாங்கவில்லை. மெஸ் ஓரத்தில் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஒங்க ஜெபம் நல்லா வேல செய்யுது தங்கச்சி. தண்ணி வந்துட்டு. கல்யாணம் போச்சு."

அவருக்குத் தேங்காப்பட்டணத்தில் பெண் நிச்சயமாகியிருந்தது. லீவு கிடைத்ததும் நிக்காஹ். பெண் வீட்டுக்குப் பேச்சு எட்டி, கொஞ்சம் பொறுக்கலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பொறுக்கலாம் என்றால் எங்கள் பக்கம் எல்லாருக்கும் அர்த்தம் தெரியும்.

"எங்க காக்கா, மூத்தவரு, போன் போட்டு ஒரே கேள்விதான் கேட்டாரு. 'நீ மாறிட்டியாலே?' இல்லன்னு சொன்னேன். 'அப்ப அவனுவ கோயில்ல எதுக்குலே ஒம் பேரு?' அதுக்கு என்ன சொல்லுவேன்? மீன் கொழம்பு தின்னதுக்குன்னா?"

ஜெபின் அண்ணன் போனை வெளியே எடுத்தார். "நான்தான் போட்டேன் நிஜாமே. தப்பு என்னோடது. இப்பவே அழிச்சிருதேன்."

"அழிச்சா? நீ ஒம் போன்ல அழிப்ப. தேங்காப்பட்டணத்துக்காரி மனசுல யாரு போயி அழிப்பா?"

 பிறகு அவரே சொன்னார்: "எனக்கு சண்ட ஒண்ணும் இல்ல மக்கா. நா ஒரு காரியந்தான் கேக்கேன். எங்கெல்லாம் எம் பேரு போச்சோ, அங்கெல்லாம் உள்ளது உள்ளபடி போகணும்."

6

கமிட்டி கூடியது. என் தொழிலில், ஒரு விபத்து நடந்தால் யார் குற்றவாளி என்று முதலில் தேடமாட்டோம். எந்த இடத்தில் தடுத்திருக்க முடியும், சேதம் எதுவரை போயிருக்கிறது, எந்த வழியாகத் திருத்த முடியும் என்று மூன்றையும் பிரித்து எழுதுவோம். அப்படியே பலகையில் எழுதினேன். குறிப்பு போன வழியை வரைந்தேன்: மஸ்கட், ஊர்ச் சபை, மைக், கோட்டாறு, தேங்காப்பட்டணம். திருத்தமும் இதே வழியில், இதே வாய்களால் போக வேண்டும் என்றேன்.

சும்மா இருந்தால் தானாக அடங்கும் என்றார் ஒருவர். கேம்புக்குப் போவதைக் கொஞ்சநாள் நிறுத்தலாம் என்றார் இன்னொருவர். "நாம நிறுத்தினா அவங்க என்ன நினைப்பாங்க? மதம் மாறலைன்னதும் போயிட்டாங்கன்னு" என்றாள் ரியா. அதோடு அந்த யோசனை முடிந்தது.

ஜெபின் அண்ணனின் தயக்கம் வேறு. அதை மதித்தே எழுதுகிறேன், ஏனென்றால் அதில் பொய் இல்லை.

"திருத்தம் போடணும். அதுல சந்தேகம் இல்ல மக்கா. ஆனா 'அவர் மாறல்ல, நாங்க மாறச் சொன்னதும் இல்ல'ன்னு நம்ம கைப்பட எழுதி சபையில வாசிச்சா, நம்ம வாசல நாமளே அடைக்கமாதிரி இருக்காதா? சோறு போட இந்த ஊர்ல எவ்வளவோ கிளப் உண்டு. நம்மகிட்ட மட்டும் உள்ளத நாம சொல்லல்லன்னா யாரு சொல்லுவா?"

"சொல்லாதீங்கன்னு நான் சொல்லல்ல அண்ணா. பக்கத்துல இருக்கிற மனுஷனப் பத்தி உள்ளதச் சொல்ல முடியாத வாயால, கடவுளப் பத்தி என்ன சொன்னாலும் யாரு நம்புவா?"

ஜெபின் அண்ணன் பேப்பரை இழுத்துத் தானே எழுத உட்கார்ந்தார். நிஜாம் முஸ்லிம், முஸ்லிமாகவே இருக்கிறார். கேம்பில் குடிதண்ணீர் கெட்டிருந்தது. எல்லாருக்கும் நல்ல தண்ணீர் கிடைக்கத் தன் பெயரைக் கொடுத்தார். அதனால் வேலையில் கஷ்டம் வந்தது. தண்ணீர் புகாரின் கோப்பு இதற்குள் மூடப்பட்டிருந்ததால், அதை எழுதுவதில் ஆபத்தில்லை. பிறகு 'நாங்கள் மதம் மாறக் கேட்டதில்லை' என்ற இடத்தில் பேனா நின்றது.

"இது உண்ம இல்ல. நா மனசுல கேட்டிருக்கேன்."

"யார்கிட்ட கேட்டிய?"

"கடவுள்கிட்ட."

"நிஜாம் அண்ணன்கிட்ட?"

"அவர்கிட்ட கேட்டதில்ல."

"அப்ப 'அவரிடம்'னு ஒரு வார்த்த சேருங்க. உண்மையாயிரும்."

சேர்த்தார். இதைவிட நேர்மையான ஒரு வாக்கியத்தை எங்கள் ஐக்கியம் எழுதியதில்லை என்று நினைக்கிறேன்.

எழுதியதை நிஜாம் அண்ணனுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். 'எங்கள் குறிப்பால் அவருக்கு நேர்ந்த அவமானத்துக்கு மன்னிப்பு கேட்கிறோம்' என்ற வரியில் நிறுத்தச் சொன்னார்.

"அவமானம் வேண்டாம் தங்கச்சி. தொந்தரவுன்னு போடுங்க. கிறிஸ்தவன்னு ஒருத்தன சொன்னா அது அவமானமா? நா இல்லாத ஒண்ண நா-ன்னு சொன்னதுதான் கேடு."

மாற்றினோம். ஜெபின் அண்ணன் அதை எங்கள் குழுவில் போட்டார்; ஊருக்கு நான் கையோடு கொண்டுபோவதாக முடிவானது.

7

எனக்கு வருடாந்திர லீவு வந்தது. ஊருக்குப் போன மறுநாளே ரோஸ்லெட் டீச்சர் வீட்டுக்குப் போனேன். அவர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். குறிப்புக்கு ஒரு திருத்தம் வாசிக்க வேண்டும் என்றதும், வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்.

"நா என்ன மக்ளே கூடுதலா போட்டேன்? 'விசுவாசத்தினிமித்தம்'னு ஒரு வார்த்த. வேலையில ஒருத்தன நெருக்குதானுவன்னா வேற எதுக்கு நெருக்குவானுவ?"

"தண்ணிக்கு டீச்சர்."

"தண்ணிக்கா?"

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டி, புறா, புகார், இடமாற்றம், தேங்காப்பட்டணம். டீச்சர் கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்துக்கொண்டே கேட்டார். "தண்ணின்னு அன்னைக்கே போட்டிருந்தா நா எதுக்குட்டி மத்தத நெனைக்கப் போறேன்" என்றார். அது நியாயம்தான்.

திருத்தத்தைப் போதகர் வாசிக்கட்டும் என்று நான் யோசித்து வைத்திருந்தேன். டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. "மைக்குல சொன்னது நானு. போதகர் எதுக்கு என் கணக்க போடணும்?"

ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு நேரத்தில் அவர் முன்னால் போய் நின்றார். வகுப்பில் வாசிப்பது மாதிரி நிதானமாக, ஒரு வார்த்தையும் விழுங்காமல் வாசித்தார். 'விசுவாசத்தினிமித்தம் என்று சேர்த்தவள் நான்' என்பதைத் தாளில் இல்லாமல் தானே சொன்னார். ஆண்கள் பக்கத்தில் கொஞ்சம் சலசலப்பு. ஆராதனை முடிந்ததும் ஒரு பெரியவர் படிக்கட்டில் வழிமறித்தார்.

"அப்ப இவ்வளவு நாளு நம்ம பண்ணுன ஜெபம் வீணா டீச்சரே?"

"தண்ணி வந்துட்டே" என்றார் டீச்சர். "நீரு எதுக்கு ஜெபிச்சீரு?"

அவர் யோசித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

8

கோட்டாற்றுக்கு டீச்சரும் என்னோடு பஸ் ஏறினார். நிஜாம் அண்ணனின் மூத்த சகோதரர் ஷாகுலுக்கு மளிகைக் கடை. நாங்கள் போனபோது கொத்தமல்லி நிறுத்துக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னதும் தராசை விட்டுக் கையைத் துடைத்தார்.

"நீங்கதானா அந்த டீச்சரு?"

"நான்தான்."

"எங்க உம்மா சரியா சோறு தின்னு எவ்வளவு நாளாச்சுன்னு தெரியுமா ஒங்களுக்கு? ஒங்க பேர்ல மட்டும் கோவம் இல்ல. எங்க தம்பிய நாங்களே நம்பாம கேள்வி கேட்டோம். அதுதான் தொண்டையில நிக்குது."

டீச்சர் தாளை எடுத்தார். "எங்க கோயில்ல வாசிச்சத இங்கயும் வாசிக்கணும்னு வந்தேன். ஒங்களுக்குச் சம்மதமா?"

"வாசிங்க. சத்தமா வாசிங்க."

கடையில் சாமான் வாங்க நின்றவர்களும் கேட்டார்கள். ஷாகுல் தண்ணீர்த் தொட்டி வந்த இடத்தில் தலையைத் தூக்கினார். அதுவரை அவருக்கு அந்த விஷயம் தெரியாது. நிஜாம் அண்ணன் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, கவலைப்படுவார்கள் என்று.

"இவனா? ஸ்கூல்ல வாத்தியாரு பேரு கேட்டா மேசைக்கு அடியில போவான்" என்றார் ஷாகுல். குரல் இளகியிருந்தது. பிறகு கொஞ்சம் யோசித்து, "தேங்காப்பட்டணத்துலயும் வந்து வாசிப்பியளா? நாங்க சொன்னா, மாப்பிள வீட்டுக்காரன் மறைக்கான்னுதான் நெனப்பாவ. ஒங்க வாயில வரணும்" என்றார்.

"அதுக்குத்தானே வந்திருக்கோம்" என்றார் டீச்சர். உண்மையில், கோட்டாற்றுக்கு அப்பால் அவர்கள் வாயாலேயே போகும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

9

மறுநாள் மார்த்தாண்டத்திலிருந்து தேங்காப்பட்டணம் பஸ். ஷாகுலின் மனைவியும் வந்திருந்தார். பெண்ணின் வாப்பா கடைக்குப் போயிருந்தார், உம்மா இருந்தார். எங்களை முன்னறையில் உட்காரவைத்தார். நாற்காலி கொடுத்தார், முகம் கொடுக்கவில்லை. நான் பல ஆய்வுக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அறையைப்போல் அமைதியான அறையைப் பார்த்ததில்லை.

டீச்சர் மூன்றாவது முறையாக வாசித்தார். இந்த முறை மெதுவாக. முடிந்ததும் உம்மா கேட்டார்:

"இத ஒங்க கோயில்லயும் வாசிச்சியளா?"

"வாசிச்சேன். மைக்குல."

"ஒங்க ஆளுவ எல்லாரும் இருந்தாவளா?"

"கோயில் நெறஞ்சிருந்து."

"ஒங்களுக்குக் கொறச்சலா, வெக்கமா இல்லயா?"

"இருந்து" என்றார் டீச்சர். "தப்பா போட்ட கணக்க அழிச்சிட்டுப் போட வெக்கப்பட்டா, பிள்ளையளும் தப்பாத்தானே படிக்கும்."

உம்மா தாளைக் கையில் வாங்கினார். வாசிக்கவில்லை, மடித்து, பெண்ணின் வாப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொண்டார். உள்ளே பார்த்துச் சாயா கொண்டுவரச் சொன்னார். அது வரும்வரை பேச்சு கடல், மீன் விலை என்று போனது. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"மாப்பிளைக்கு அங்க இப்ப குடிக்க நல்ல தண்ணி உண்டுமா?"

மாப்பிள்ளை என்ற சொல்லைக் கேட்டதும் ஷாகுலின் மனைவி கையிலிருந்த சாயாவைக் கீழே வைத்தார்.

"உண்டும்" என்றேன். "நானும் குடிச்சேன். நல்ல தண்ணி."

"தேதிய ஆம்பிளையளு பேசிக்கிடட்டும்" என்றார் உம்மா.

நாங்கள் எழுந்தோம். வெயில் ஏறியிருந்தது. வெளி வாசல்வரை கூடவே வந்த உம்மா, டீச்சரை மட்டும் நிறுத்தினார்.

"டீச்சரே, இவ்வளவு நாளு அந்தப் பையனுக்காக ஜெபிச்சியளே. இனி நிறுத்திருவியளா?"

டீச்சர் என்னைப் பார்த்தார். இதற்குத் தாளில் பதில் எழுதியிருக்கவில்லை.

"இல்ல" என்றார். "அவன் சொகமா இருக்கணும்னு தெனமும் கேப்பேன். வேற ஒண்ணும் கேக்கமாட்டேன்னு ஒங்ககிட்ட பொய் சொல்லமாட்டேன்."

 உம்மா டீச்சரின் கையைப் பிடித்தார்.

"கேளுங்க. நானும் எனக்குள்ளத கேக்கேன். பேர மட்டும் மைக்குல சொல்லாண்டாம்."

"சொல்லமாட்டேன்" என்றார் டீச்சர்.